பூ கேட்பதற்கு முன்னால்

"பூ கட்டிப் பார்த்தோம், உத்தரவு வரல." வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரித்து, வந்த நிறத்தை வைத்துச் சாமியின் சம்மதத்தை அறிவதுதான் பூ கட்டிப் பார்ப்பது. பெண் வீட்டார் இப்படிச் சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. யாரும் மேற்கொண்டு காரணம் கேட்பதில்லை, யாருக்கும் மனக்கசப்பும் இல்லை. ஊருக்குள் இந்த வழக்கம் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இதை மூடநம்பிக்கை என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. நம்பிக் கேட்கிறவர்களோடுதான் வழக்கு. பூவிடம் கேட்கவே கூடாததைக் கேட்டுவிட்டு, வந்த பதில் பிடிக்கவில்லை என்றால் அடுத்த கோயிலுக்கு வண்டி கட்டுகிறார்கள்.

முதலில் கேள்வி. "வீட்டை வித்துடலாமா சாமி?" என்பது கேள்வியே இல்லை. யாருக்கு, என்ன விலைக்கு, எப்போது? வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்காமல், கூடப் பிறந்தவர்களின் சம்மதம் இல்லாமல் பூ கேட்டால், வெள்ளை வந்தாலும் சிவப்பு வந்தாலும் வம்புதான். விசாரிக்க வேண்டியதை எல்லாம் விசாரித்து, கணக்குப் போட்டு, பெரியவர்களிடம் பேசி முடித்த பிறகும் தராசு இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா? அப்போது கேளுங்கள். "இன்னாருக்கு, இந்த விலைக்கு, தை மாதத்துக்குள் விற்கலாமா?" என்ற அளவுக்குக் கேள்வி குறுகியிருக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரே கேள்வி.

கேட்கக் கூடாதவையும் உண்டு. அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதை இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள். மகளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்பதை மகளிடம் கேளுங்கள். அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகு பூ கேட்பது, சாமியை அவளுக்கு எதிராகச் சாட்சிக்குக் கூப்பிடுவது.

இனிக் கட்டும் முறை. பூசாரியோ குருக்களோ கட்டித் தரும் கோயில்களில் உங்களுக்கு வேலையில்லை. நீங்களே கட்டுவதாக இருந்தால் கவனியுங்கள். செம்பருத்தியும் மல்லிகையும் வேண்டாம். ஒன்று பெரிது, மற்றதை மணம் காட்டிக் கொடுத்துவிடும். செவ்வரளி ஒன்று, வெள்ளரளி ஒன்று எடுத்துக்கொண்டால் அளவும் எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே இலையிலிருந்து ஒரே அளவில் இரண்டு துண்டு வாழையிலை, இரண்டிலும் ஒரு சிட்டிகை திருநீறு, ஒரே மாதிரி மடிப்பு, ஒரே நீள நார். எந்தப் பூ வந்தால் சம்மதம் என்பது ஊருக்கு ஊர் மாறும். அதனால் கட்டுவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பிரித்த பிறகு "எங்க பக்கம் சிவப்புதான் நல்லது" என்று ஒரு சித்தப்பா ஆரம்பிப்பார். கட்டியவர் எடுக்கக் கூடாது. இரண்டையும் தட்டில் குலுக்கி, சந்நிதியில் வைத்து, பூசை முடிந்ததும் கேள்வி தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் இதற்குப் பிறகுதான் தப்பு நடக்கிறது. வேண்டாம் என்று வந்துவிட்டது. "இன்னொரு தடவை பாத்துடலாமே" என்று ஒரு குரல். இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுத்தால் பாதிக்குப் பாதி. மூன்று தடவை எடுத்தால், ஒரு தடவையாவது நீங்கள் விரும்பிய பூ வருவதற்கு எட்டில் ஏழு பங்கு வாய்ப்பு. அப்படி வாங்கியதை உத்தரவு என்று சொல்லிக்கொள்ளலாமா? மூன்றில் இரண்டு என்று முன்பே நேர்ந்துகொண்டு கேட்டால் அது வேறு விஷயம். ஒரு தடவை என்று நேர்ந்தால் ஒரு தடவைதான். அதே கேள்வியோடு ஒரு மண்டலம், அதாவது 48 நாள், திரும்பிப் போகாதீர்கள் என்பேன். அதற்குள் நிலைமை மாறினால் கேள்வியும் தானாக மாறியிருக்கும்.

காங்கேயம் பக்கத்துச் சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறதே, அதன் நடைமுறையைக் கவனித்திருக்கிறீர்களா? பக்தர் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொன்னதாகச் சொன்னால், உடனே அதைப் பெட்டியில் வைத்துவிடுவதில்லை. பூ போட்டு உத்தரவு கேட்ட பிறகுதான் வைக்கிறார்கள். கனவு கண்டவர் பொய் சொல்கிறார் என்று அதற்கு அர்த்தமில்லை. தன் ஆசையும் கனவில் சாமி வேஷம் போட்டு வரும் என்பது அங்கே தெரிந்திருக்கிறது.

சைவர்களிடம் இன்னொரு வழி உண்டு, திருமுறையில் கயிறு சாத்திப் பார்ப்பது. ஏட்டுக் கட்டுக்குள் கயிற்றை நுழைத்து, அது விழுந்த இடத்தில் உள்ள பதிகத்தை வழிகாட்டலாக எடுத்துக்கொள்வார்கள். பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் பிள்ளை இல்லாமல் தவித்தபோது, அவருடைய குரு அப்படிப் பார்த்ததில் சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. அந்தப் பாட்டு ஆம், இல்லை என்று சொல்லவில்லை. வெண்காட்டு முக்குளத்தில் நீராடச் சொன்னது. தம்பதியர் போய் நீராடி வழிபட்டார்கள், பிறந்த குழந்தைதான் பின்னாளில், 13ஆம் நூற்றாண்டில், சிவஞானபோதம் எழுதிய மெய்கண்டார் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. எனக்குப் பூவைவிட இந்த முறையே ஒரு படி மேலாகத் தெரிகிறது, செய்ய வேண்டிய காரியம் ஒன்றைக் கையில் கொடுப்பதால். ஆனால் பதிகம் முழுவதையும் படிக்க வேண்டும். பிடித்த ஒரு வரியை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டால் கயிறு எங்கே விழுந்தாலும் ஒன்றுதான்.

ஒரு காரியத்தில் இறங்கும் முன் நல்லதைக் காட்டும்படி இறைவனிடம் வேண்டித் தொழும் முஸ்லிம்களின் இஸ்திகாராவிலும் இதே போன்ற ஒரு குழப்பம் உண்டு. கடமையல்லாத உபரித் தொழுகையாக இரண்டு ரக்அத் (சுற்று) தொழுது, காரியத்தைக் குறிப்பிட்டு துஆ, அதாவது வேண்டுதல், கேட்டுவிட்டு, பிறகு கனவுக்காகக் காத்திருப்பார்கள். துஆவில் கனவே இல்லை. இது நன்மையானால் எளிதாக்கு, தீமையானால் என்னை விட்டு விலக்கு, நன்மை எங்கிருந்தாலும் அதைத் தந்து அதில் என்னைத் திருப்தி கொள்ளச் செய் என்றுதான் கேட்கிறார்கள். காரியத்தில் இறங்கினால்தானே எளிதாகிறதா, விலகுகிறதா என்று தெரியும்?

நேரமும் முக்கியம். சாவு விழுந்த வாரத்தில், சண்டை போட்டு வந்த இரவில் எதையும் கேட்கப் போகாதீர்கள். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டிலேயே இதை விதியாகச் சொல்லியிருக்கிறார்: மனம் இருண்டு கிடக்கும்போது, தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே.

பொட்டலத்தைப் பிரிக்கும் நொடியில் வருகிற ஏமாற்றமே உண்மையான பதில் என்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ஏமாற்றம் உங்கள் ஆசை எந்தப் பக்கம் என்று காட்டும். அந்த ஆசை சரியா என்று காட்டாது.

பணம் பற்றி ஒரே வரி: பதில் சொன்ன கையோடு தோஷம், பரிகாரம், இத்தனை ஆயிரம் என்று பேச்சு போனால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று, அரளி விஷம். குழந்தை எடுத்துக் கொடுத்ததும் பொட்டலத்தை நீங்களே பிரியுங்கள். அதன் கையைக் கழுவிவிட்ட பிறகு பிரசாதம் கொடுங்கள்.