வீட்டு வேலை நின்றால் முதலில் நிற்பது நாட்கூலி

இலங்கையின் வீடமைப்புச் சரிவு பற்றி வெளிவந்த கட்டுரை, அச்சரிவைக் காணி விலையாலும் வங்கிக் கடனாலும் மட்டுமே அளந்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, வங்கிக் கடன் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்த, சீமெந்து விலையும் கூடவே ஏற, மட்டக்களப்பில் எங்கள் ஆரையம்பதிப் பக்கம் பல வீடுகள் அத்திவாரத்தோடு நின்றன. வீட்டுக்காரர் காத்திருக்கலாம், அந்த வேலையை நம்பியிருந்த மேசனுக்கும் மரவேலை செய்யும் ஓடாவிக்கும் கையாட்களுக்கும் மறுநாளே கூலி இல்லை. நாட்கூலிக்காரர் பலருக்கு ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியும் கிடையாது. ஆனால் மனைவி எடுத்த நுண்கடனுக்கு வாராவாரம் தவணை கட்டியே ஆகவேண்டும். எங்கள் அயலில் கைதேர்ந்த மேசன் ஒருவர் மட்டப்பலகையையும் தூக்குக்குண்டையும் சாக்கில் கட்டிவைத்துவிட்டு, கடன்பட்டு முகவருக்குப் பணம் கொடுத்துக் கட்டாருக்குப் போனார். வீடு கட்ட வங்கிக் கடன் வாங்கியோருக்குச் சலுகை கேட்பவர்கள், பதிவில்லாத இத்தொழிலாளருக்கு வேலையிழப்புக் காப்புறுதியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.