விற்ற கடைதான் பதில் சொல்ல வேண்டும்

அப்பாவின் டேப்லெட் பழுதாகி, அதற்குப் பதிலாக அடுத்த மாடலே கைக்கு வந்துவிட்டது என்று சொன்ன நாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் ஒன்றையே சொல்கிறார்கள். "உனக்கு யோகம்தான்." "கடைக்காரர் நல்ல மனுஷன் போல." "புதுசே குடுத்துட்டாங்களா, அப்புறம் என்ன?" எனக்கு இந்தப் பேச்சில் துளியும் உடன்பாடு இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் ஒழுங்காக வேலை செய்யவில்லை. விற்றவர்கள் அதற்குப் பொறுப்பேற்றார்கள், அதுவும் பலமுறை கேட்ட பிறகு. இதில் யோகம் எங்கே வந்தது?

கேட்கவே கூச்சப்பட்டு, பழுதான சாமானை அலமாரியில் போட்டுவிட்டு இன்னொன்றை வாங்கிக்கொள்கிற வழக்கம் நம் ஆட்களிடம் நிறைய இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்பாவுக்கு அந்த டேப்லெட் பொழுதுபோக்குச் சாமான் இல்லை. காலையில் தமிழ் முரசு, மத்தியானம் தேசிய நூலகச் செயலியில் இரவல் எடுத்த தமிழ்ப் புத்தகம், சாயங்காலம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒலி 96.8 வானொலி. கண் மங்கலான பிறகு எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க அவருக்குக் கிடைத்த ஒரே வழி அது. வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, திரையின் கீழ்ப்பக்கம் விரலுக்குக் கட்டுப்பட மறுத்தது. சில நேரம் யாரும் தொடாமலே பக்கம் தானாகப் புரளும். படித்துக்கொண்டிருந்த இடம் போய்விடும். அப்பா தன் விரல்தான் நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டு ரொம்ப நாள் வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

சிங்கப்பூரில், ஜூரோங்கில் வாங்கிய கடைக்கே அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். கவுன்டரில் நம் பையன் ஒருவர். மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, வாரண்டி கம்பெனியோடது. நீங்க நேரா சர்வீஸ் சென்டருக்குப் போயிடுங்க. எங்களால ஒண்ணும் பண்ண முடியாது." அந்தத் தம்பியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்படித்தான் சொல்லச் சொல்லி அவருக்குப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பதில் தவறு.

சிங்கப்பூரில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் லெமன் சட்டம் என்று எல்லாரும் சொல்லும் பகுதி ஒன்று இருக்கிறது. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி பழுதான பொருளுக்குப் பொறுப்பு, அதை நமக்கு விற்ற கடை. தயாரித்த நிறுவனத்தின் வாரண்டி தனி, சட்டம் தரும் இந்த உரிமை தனி. ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தட்டிக்கழிக்க முடியாது. பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்கும்போதே அந்தக் குறை இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் கடைதான் நிரூபிக்க வேண்டும். ஆறு மாதம் தாண்டினால் உரிமை போய்விடாது, ஆனால் நிரூபிக்கும் சுமை நம் பக்கம் வந்துவிடும். கீழே போட்டு உடைத்தது, வாங்கும்போதே நமக்குத் தெரிந்த குறை, மனசு மாறித் திருப்பிக் கொடுப்பது, இதற்கெல்லாம் இந்தச் சட்டம் துணைக்கு வராது. கடையில் வாங்கிய பழைய சாமானுக்கு வரும்.

வரிசையும் இருக்கிறது. முதலில் பழுது பார்த்துத் தர வேண்டும், அல்லது மாற்றித் தர வேண்டும். அதுவும் நியாயமான காலத்துக்குள், நமக்குப் பெரிய தொந்தரவு இல்லாமல், கடையின் செலவில். அது நடக்காவிட்டால் விலையில் ஒரு பங்கைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது பொருளைக் கொடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

இதை நான் குரல் உயர்த்தாமல் சொன்னேன். அந்தத் தம்பி உள்ளே போய் மேலாளரிடம் பேசிவிட்டு வந்தார். சர்வீஸ் சென்டருக்குக் கடையே அனுப்பும் என்றார்கள். பரிசோதிக்கும்போது நாங்களும் அங்கே இருக்க வேண்டும் என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள்.

பரிசோதனையைப் பக்கத்தில் இருந்து பார்த்தது நல்லதாகப் போயிற்று. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள் வந்தன. பரிசோதித்த பெண் விரலை வரிசை வரிசையாக இழுத்தபோது தொட்ட கட்டமெல்லாம் பச்சையானது. கீழிருந்து இரண்டு வரிசை மட்டும் வெள்ளையாகவே நின்றது. மறுபடி இழுத்தார், மறுபடியும் வெள்ளை. அப்பா குனிந்து தன் விரலாலும் இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "என் கையில கோளாறு இல்லம்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த அலைச்சல் எல்லாம் தகும்.

அந்த மாடலுக்கு மாற்றுத் திரை இல்லை, அதே மாடலில் புதிய டேப்லெட்டும் இல்லை. அதனால் அடுத்த மாடலைத் தருவதாகச் சொன்னார்கள். இதில்தான் பலர் சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். புது மாடல் என்றால் எல்லா விதத்திலும் மேல் என்று அர்த்தம் இல்லை. எங்களுக்கு வந்ததில் ஹெட்போன் செருகும் துளையே கிடையாது. அப்பாவின் பழைய ஹெட்போனைப் புது டேப்லெட்டில் செருகவே முடியாது. ஒலி 96.8 கேட்க முடியாத டேப்லெட் அவருக்கு எப்படிச் சமமான மாற்று ஆகும்? அதைக் கேட்டேன். டைப்-சி துளையில் மாட்டும் ஒரு இணைப்புக் கம்பியைக் கூடவே கொடுத்தார்கள். சின்ன விலைதான், ஆனால் கேட்டிருக்காவிட்டால் வந்திருக்காது. பழைய மாடலுக்கென்று வாங்கிய உறையும் இதற்குப் பொருந்தவில்லை. பேனா வைத்து எழுதுகிறவர்கள் பேனா சேருமா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். நிறுவனங்களின் விதிகளிலேயே இதற்கு இடம் இருக்கிறது. ஆப்பிள் நிறுவனத்தின் ஓராண்டு வாரண்டியில், வேறு மாடல் தருவதானால் நம் சம்மதத்தோடு, பழையதைப் போன்ற பயன் உள்ளதைத்தான் தரவேண்டும் என்று இருக்கிறது. சம்மதம் கேட்கிறார்கள் என்றால், யோசித்துச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது.

மாற்றிக் கிடைத்த கருவிக்கு வாரண்டி எப்போதிலிருந்து என்பதும் முக்கியம். புதுசு வந்தால் மறுபடி ஒரு வருடம் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் பழையதில் மீதி இருக்கும் காலம்தான் கிடைக்கும். ஆப்பிளில் அந்த மீதிக் காலம் அல்லது 90 நாள், எது அதிகமோ அது. நம் கருவிக்கு எது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சு அடுத்த பழுது வரும்போது உதவாது.

பழையது திரும்பி வராது என்பதால் அதில் உள்ளதை அழிப்பதும் நம் வேலை. படங்களை வேறு இடத்தில் சேமித்து, மெமரி கார்டை எடுத்து, கணக்கிலிருந்து வெளியேறி, அப்புறம்தான் கொடுக்க வேண்டும். திரையே வேலை செய்யாவிட்டால், ஆண்ட்ராய்ட் கருவி என்றால் வேறொரு போனில் கூகுள் கணக்கைத் திறந்து, தொலைவிலிருந்தே அழிக்கலாம்.

எனக்காவது ஆங்கிலத்தில் பேச வருகிறது, வேலையில் அரைநாள் லீவு கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்கு வந்து, ஊரில் இருக்கும் பிள்ளைக்கு என்று டேப்லெட் வாங்கும் வெளிநாட்டு ஊழியர் தம்பிகளை நினைத்தால்தான் மனசு கனக்கிறது. விலை குறைவு என்று, வேறு நாட்டுச் சந்தைக்கென்று செய்த எக்ஸ்போர்ட் செட்டை எடுத்துக்கொடுக்கிறார்கள். அதற்கு இங்கே நிறுவன வாரண்டி இருக்காது, கடை வாரண்டி மட்டும் இருக்கும். பழுதாகிக் கொண்டு போனால், "எக்ஸ்போர்ட் செட் தம்பி, ஒண்ணும் செய்ய முடியாது" என்று பதில். அந்தப் பதிலும் தவறுதான். கடை விற்றது, கடைக்குப் பொறுப்பு உண்டு. எக்ஸ்போர்ட் செட் என்பதால் லெமன் சட்டம் விலகிப் போவதில்லை. ரசீதை மட்டும் தொலைக்காதீர்கள். வெயிலில் மங்கிப்போகும் காகிதம் அது, வாங்கிய அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடை மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. அதற்கும் மேலே சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையிலான வழக்குகளை அங்கே கொண்டு போகலாம், இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் 30,000 வரை. 5,000 வெள்ளிக்குள் என்றால் பயனீட்டாளருக்குக் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் வைக்கவே கூடாது, கடையும் வைக்க முடியாது. மனுவை இணையத்திலேயே போடலாம். விவகாரம் எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கடைகளிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான். ஆறு மாத விதியை நான்கு மொழியிலும் எழுதிக் கவுன்டரில் ஒட்டுங்கள். அந்தத் தம்பியும் நிம்மதியாக வேலை பார்ப்பார்.

பொருந்தாமல் போன உறைக்கு ஈடாகப் புது உறை தரச்சொல்லிக் கடைக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. வரும் வரைக்கும் கேட்பேன். இதேபோல் யாருக்காவது கடைக்குப் போக வேண்டியிருந்து, துணைக்கு ஆள் வேண்டுமென்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள், சனிக்கிழமைகளில் நான் வருகிறேன்.