எது நடந்தால் மனம் மாறுவீர்கள்?

அறிவியலா கடவுளா என்று மூளும் விவாதங்களில் பெரும்பாலானவை கரை சேராமல் போவதற்குக் காரணம், எந்தக் கூற்றைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையே இரு தரப்பும் முடிவு செய்துகொள்ளாததுதான். "பிரார்த்தனையால் நோய் குணமாகும்" என்பது ஒரு கூற்று. "அனைத்துக்கும் மூலமாக ஒரு பரம்பொருள் உண்டு" என்பது முற்றிலும் வேறொன்று. முன்னதைச் சோதித்துப் பார்க்கலாம், பின்னதைச் சோதிக்க எந்தக் கருவியும் கிடையாது. முன்னதில் மடக்கினால் பின்னதற்குத் தாவிவிடுவது பக்தர்களின் வழக்கம் என்றால், முன்னது பொய்த்தவுடன் பின்னதும் ஒழிந்தது என்று கொண்டாடுவது என்னைப் போன்ற ஐயவாதிகளின் வழக்கம்.

முன்பின் அறியாதவர்களின் பிரார்த்தனை நோயாளிகளுக்கு உதவுகிறதா என்று சோதித்து 2006இல் வெளியான ஓர் ஆய்வை இரு தரப்பும் கையாளும் விதத்தைப் பார்த்தாலே இது விளங்கும். அமெரிக்காவில் 6 மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்கு வந்த 1802 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். பிரார்த்திப்பவர்களுக்கு நோயாளியின் முதற்பெயரும் குடும்பப் பெயரின் முதலெழுத்தும் மட்டுமே தரப்பட்டன. அறுவைக்கு முந்தைய இரவு தொடங்கி 14 நாள்கள் அவர்கள் பிரார்த்தித்தார்கள். தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா இல்லையா என்பதை அறியாத இரண்டு குழுக்களில், பிரார்த்தனை நடந்த குழுவில் 52 சதவீதத்தினருக்கும், நடக்காத குழுவில் 51 சதவீதத்தினருக்கும் அறுவைக்குப் பின் சிக்கல்கள் ஏற்பட்டன. பிரார்த்தனை நிச்சயம் உண்டு என்று சொல்லப்பட்ட மூன்றாவது குழுவிலோ அது 59 சதவீதம்.

இந்த 59ஐப் பிடித்துக்கொண்டு "பிரார்த்தனை உடம்புக்குக் கெடுதல்" என்று எள்ளி நகையாடுபவர்களை எனக்குத் தெரியும். அது தற்செயலாகவும் இருக்கலாம், பிரார்த்திக்கும் அளவுக்கு நம் நிலை மோசமோ என்ற பதற்றமாகவும் இருக்கலாம். அந்த ஓர் எண்ணை வைத்து அதற்கு மேல் பேசுவது, நாம் பிறரிடம் குறைகூறும் அதே அவசரம்தான். முன்பின் அறியாதவர் தொலைவிலிருந்து பிரார்த்தித்ததால் சிக்கல்கள் குறையவில்லை என்பதே இதிலிருந்து பெறக்கூடிய முடிவு. தானே கைகூப்பி நிற்பவருக்குக் கிடைக்கும் ஆறுதலைப் பற்றி இந்த ஆய்வு ஒன்றுமே சொல்லவில்லை.

மறுபுறம், "கடவுளைச் சோதிக்கக் கூடாது" என்று பதில் வருகிறது. ஏற்கத்தக்க நிலைப்பாடுதான், ஆனால் முடிவு சாதகமாக வந்திருந்தாலும் இதையே சொல்லி அந்த ஆய்வை ஒதுக்கியிருப்பீர்களா என்று கேட்டால், நேரான பதில் அரிதாகவே கிடைக்கிறது.

இந்த இடத்தில் நான் பெரிதும் மதிக்கும் மனிதர் ஒரு பாதிரியார். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமேத்ர், அண்டம் விரிவடைகிறது என்று 1927இலேயே எழுதியவர். பின்னர் பெருவெடிப்பு என்று பெயர்பெற்ற கருத்துக்கு 1931இல் வித்திட்டவரும் அவரே. 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் புதிய அண்டவியலைப் படைப்புக் கோட்பாட்டுக்குச் சான்றாகக் காட்டிப் பேசியபோது, மகிழ வேண்டிய அந்தப் பாதிரியார் அதை விரும்பவில்லை. தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு அப்பாற்பட்டது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். (நாளை அந்தக் கோட்பாடு தவறென்று தெரிந்தால் கூடவே கடவுளையும் கைவிட வேண்டியிருக்குமே என்பது என் கூடுதல் வாதம், அவர் தலையில் இதைக் கட்ட விரும்பவில்லை.)

ஆகவே இப்போதெல்லாம் விவாதத்துக்குள் இறங்குமுன், எது நடந்தால் இந்தக் கூற்றைக் கைவிடுவீர்கள் என்று கேட்டுவிடுகிறேன். எதுவுமே தன்னை மாற்றாது என்பவரிடம் நலம் விசாரித்துவிட்டு வேறு பேசலாம். அவரை அவமதிக்க வேண்டிய அவசியமில்லை. அதே கேள்வி என்னிடம் திரும்பும்போது மழுப்பக் கூடாது என்பதால் என் பதிலையும் சொல்லிவிடுகிறேன்: எதை அளக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே அறிவித்து, ஒருவரோடொருவர் தொடர்பில்லாத பல குழுக்கள் இதே சோதனையைச் செய்து, ஒவ்வொரு முறையும் பிரார்த்தனை பெற்றவர்களே தெளிவான வித்தியாசத்தில் நலமடைந்தால், பிரார்த்தனை நோயைக் குறைக்கிறது என்று ஒப்புக்கொள்வேன். பரம்பொருளைப் பற்றி அப்போதும் தனியாகத்தான் பேச வேண்டியிருக்கும்.