முடிவையும் சேர்த்துச் சொன்னவர்கள்

படத்தின் முடிவைப் பற்றி யாராவது அரை வரி எழுதிவிட்டால் போதும், 'ஸ்பாய்லர்' என்று நம் ஆட்கள் சண்டைக்கு வந்துவிடுகிறார்கள். எனக்கோ முடிவைப் போட்டு உடைத்தவர்கள் மேல் தனி மரியாதை உண்டு. அமெரிக்க ஊமைப்படக் காலத்தில் தியேட்டர்காரர்களுக்காகக் கதைச் சுருக்கம் எழுதினார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன்.

1907இல் நியூயார்க்கில் தொடங்கிய 'மூவிங் பிக்சர் வேர்ல்ட்' என்ற வாரப் பத்திரிகையின் பழைய இதழ்கள் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. புரட்டிப் பாருங்கள். எந்தக் கிழமை எந்தக் கம்பெனி படம், பெயர் என்ன, டிராமாவா காமெடியா, எத்தனை அடி நீளம் என்று பட்டியல் போட்டிருப்பார்கள். கதைகளுக்குத் தனிப் பக்கங்கள், பொடி எழுத்தில். யார் யாரைக் காதலித்தார், யார் ஏமாற்றினார், கடைசியில் யார் செத்தார் என்று ஒன்றுவிடாமல் இருக்கும். நம்மூர்ப் பாட்டுப் புத்தகத்தில் கதை சூடு பிடிக்கிற இடத்தில் நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்பார்களே, அந்த வேலையே இங்கே கிடையாது. பாட்டுப் புத்தகம் ரசிகனுக்கு, இது கொட்டகைக்காரருக்கு. சரக்கு எடுக்கிறவரிடம் பாதியை மறைத்தால் வியாபாரம் நடக்குமா?

அவருக்கும் அது தேவைப்பட்டது. பல சின்னக் கொட்டகைகளில் தினம் ஒரு படம் மாறும். முன்கூட்டிப் போட்டுப் பார்க்க நேரம் ஏது? வாசலில் போர்டு எழுத வேண்டும், பியானோக்காரர் சோகத்துக்கும் துரத்தலுக்கும் மெட்டு யோசித்து வைக்க வேண்டும், சில இடங்களில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஒருவர் இருப்பார், அவருக்கும் விஷயம் தெரிய வேண்டும். ஒரு ரீல் சுமார் 1000 அடி, ஏறக்குறைய கால் மணி நேரம் ஓடும். காட்சியை நிரப்பக் கணக்குப் போடுகிறவருக்கு நடிகர் பெயரைவிட அடிக்கணக்குதான் முக்கியம். பயோகிராஃப் கம்பெனி 1913 வரை தன் நடிகர்களின் பெயரையே வெளியில் சொல்லவில்லை!

எனக்கு ரொம்பப் பிடித்தது 1903இல் வந்த 'தி கிரேட் டிரெயின் ராபரி' படத்துக்கு எடிசன் கம்பெனி போட்ட கேட்லாக் குறிப்பு. காட்சிவாரியாகக் கதை முழுவதையும் சொல்லிவிடுகிறது. அதில் கொள்ளைக் கூட்டத் தலைவன் நம்மைப் பார்த்து நேருக்கு நேர் சுடுகிற காட்சி ஒன்று. இதைப் படத்தின் தொடக்கத்திலும் போடலாம், கடைசியிலும் போடலாம், ஆபரேட்டரின் இஷ்டம் என்று எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு டைரக்டரிடம் போய், 'சார், உங்க கிளைமாக்ஸை எங்க ஆபரேட்டர் வேற இடத்துல ஒட்டிக்கலாமா?' என்று கேட்டுத்தான் பாருங்களேன்.

சரி, இதற்கெல்லாம் மரியாதை எதற்கு? படங்களே இல்லாமல் போய்விட்டதால்தான். 1912 முதல் 1929 வரை வெளியான அமெரிக்க ஊமை முழுநீளப் படங்கள் ஏறக்குறைய 11,000. அவற்றில் முதலில் வெளியான வடிவத்திலேயே முழுதாக மிஞ்சியவை 14 சதவீதம்தான் என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2013இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. 1937இல் நியூ ஜெர்சியில் ஃபாக்ஸ் கம்பெனியின் கிடங்கு தீப்பிடித்து எரிந்தபோது அவர்களுடைய ஊமைப்படங்களில் பெரும்பகுதி போய்விட்டது. அந்தக் காலத்துப் படச்சுருளான நைட்ரேட் ஃபிலிம் அப்படி, பற்றினால் அணைக்க முடியாது. அதற்குப் பயந்துதான் 1912க்குப் பிறகு காப்புரிமைக்கு வந்த படச்சுருள்களை அதே நூலகம் கம்பெனிகளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, எழுத்தில் இருந்த விவரங்களை மட்டும் வைத்துக்கொண்டது. படம் எரிந்தது, தாள் தப்பித்தது. எத்தனையோ படங்கள் எப்படி முடிந்தன என்று இன்று நமக்குத் தெரிவதே அந்த 'ஸ்பாய்லர்' புண்ணியத்தில்தான்.

நம் பக்கம் பாருங்கள். தென்னிந்தியாவின் முதல் ஊமைப்படமான, நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' படத்துக்குப் பிரிண்ட் இல்லை. கதை பாரதக் கதை, அதனால் முடிவு ஊருக்கே தெரியும். ஆனால் அவர் எங்கே தொடங்கினார், எதை இழுத்துச் சொன்னார், எதை விட்டார்? காட்சிவாரியாக ஒரு வியாபாரக் குறிப்பு கையில் இருந்தால் எப்படி இருக்கும்!

அதற்காக, கதைச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் தொலைந்துபோன படத்துக்கு விமர்சனம் எழுதுகிறார்களே, அது எனக்கு ஒப்பாது. எழுதினவர் சரக்கு விற்க எழுதினார். என்ன நடக்கிறது என்று அவர் சொல்லுவார், எப்படி வெட்டி ஒட்டினார்கள் என்று அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. 1903இலேயே வந்த 'லைஃப் ஆஃப் அன் அமெரிக்கன் ஃபயர்மேன்' படத்தில் தீயணைப்பு வீரர் ஒரு பெண்ணைக் காப்பாற்றுவதை வீட்டுக்குள்ளிருந்தும் வெளியிலிருந்தும் மாற்றி மாற்றிக் காட்டும் ஒரு பிரிண்டை வைத்துக்கொண்டு, எடிட்டிங்கின் பிறப்பே இதுதான் என்று கொண்டாடினார்கள். காப்புரிமைக்காகச் சுருளில் உள்ள படங்களை வரிசையாகக் காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்த பிரதியைப் பார்த்தால் முழு மீட்பும் முதலில் உள்ளிருந்து, அப்புறம் அதே மீட்பு மறுபடி வெளியிலிருந்து வருகிறது. பிற்பாடு யாரோ வெட்டி ஒட்டிய பிரிண்டைத்தான் கொண்டாடியிருக்கிறார்கள். காட்சியைக் கண்ணால் பார்த்தவர்களே ஏமாந்த இடத்தில் கதைச் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன தீர்ப்பு சொல்வது?

எனவே கம்பெனிக்காரர் எழுதியதைப் படித்தால், தியேட்டர்காரர் பதிலுக்கு எழுதியதையும் தேடிப் படியுங்கள். சிகாகோவிலிருந்து வந்த 'எக்ஸிபிட்டர்ஸ் ஹெரால்ட்' பத்திரிகையில் இதற்கென்றே ஒரு பகுதி வந்தது. சின்ன ஊர்க் கொட்டகைக்காரர்கள் படம் ஓடியதா, ஜனம் என்ன சொன்னது, வசூல் எப்படி என்று ரெண்டு மூன்று வரியில் பெயரும் ஊரும் போட்டு எழுதுவார்கள். எழுத்து நடை சுமார்தான். ஆனால் கம்பெனி விளம்பரத்தைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை.