கச்சான் வாங்கித் தாங்கோ

2022 மார்ச்சில் இருந்து, இலங்கையில் விலைவாசி தாங்காமல் படகேறி தனுஷ்கோடி மணல் திட்டுகளில் வந்து இறங்கியவர்களை மண்டபம் முகாமில் தங்கவைத்தார்கள். (அந்தக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போனவர்களை நிறுத்தி வைத்து அனுப்பிய அதே மண்டபம்தான்.) அப்படி வந்த குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி என் டியூஷனில் சேர்ந்தாள். ஏழாம் வகுப்பு.

ஒருநாள் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போயிருந்தேன். "ரீச்சர், கச்சான் வாங்கித் தாங்கோ" என்றாள். மற்றதுகள் விழுந்து விழுந்து சிரித்தன. எங்கள் பக்கம் கச்சான் என்றால் காற்று. காற்றை எந்தக் கடையில் வாங்குவது? அவள் கேட்டது வேர்க்கடலை.

அதற்கப்புறம் அவள் வாயில் கச்சான் வரவே இல்லை. கொப்பி நோட்டானது, அழிறப்பர் ரப்பரானது, அடிமட்டம் ஸ்கேலானது. அடிமட்டம் நல்ல தமிழ்ச் சொல், ஸ்கேல் இங்கிலீஷ். ஆனாலும் 'ஒரு மாதிரி' பேசுகிறவள் அவள்தானாம்!

"பிள்ளை சீக்கிரம் பழகிட்டா" என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். எனக்கு அந்த மெச்சல் பிடிக்கவில்லை. முதல் நாலு மாதம் அவள் கையே தூக்கவில்லை. விடை தெரியும், நோட்டில் சரியாக எழுதியிருப்பாள். வாயைத் திறந்தால் 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' வந்துவிடுமோ என்ற பயம். வந்தால் வகுப்பே சாமி கும்பிடுகிற மாதிரி கைகூப்பிக் கிண்டல் பண்ணும். இப்போது என்னிடம் "புரியுது மிஸ்" என்கிறாள். அதே நிமிஷம் அம்மம்மாவிடமிருந்து போன் வந்தால் "ஓம், விளங்குது, வாறன்" என்கிறாள். நடுவில் ஒரு மூச்சு கூட விடுவதில்லை. இரண்டையும் சுமப்பது அவள் மட்டும்தான். இங்குள்ள பிள்ளைகள் அவளுக்காக ஒரு சொல்லைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை.

சென்னையில் படித்தபோது என் ராமநாதபுரத்துப் பேச்சுக்கும் சிரித்தார்கள். நானும் மாற்றிக்கொண்டவள்தான். ஆனால் என் எழுத்தில் யாரும் கைவைக்கவில்லை.

போன மாதம் ரயில் பயணம் பற்றிய கட்டுரையில் அவள் டிக்கெட்டை 'ரிக்கற்' என்று எழுதியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் சிவப்பு மையில் சுழித்து மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் அப்படியும் அச்சாகிறது. அவள் எழுத்துக்கூட்டப் பழகியதும் அந்த முறையில்தான். எதற்கு அந்தச் சுழி?

முகாம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற டீச்சர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். பக்கத்தில் 'டிக்கெட்' என்று எழுதிக் காட்டுங்கள், சரி. மார்க்கை விட்டுவிடுங்கள்.