முதலில் மின்கட்டணத்தைக் காட்டுங்கள்

பசுமைத் தொழில் தொடங்குவோரை, முதலீட்டாளரிடம் பூமியைக் காப்பாற்றும் கதையோடு பேச்சைத் தொடங்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அது ஒத்துவரவில்லை. குளிரூட்டிச் செலவைக் குறைக்கும் கருவியோடு நானும் நண்பரும் முதலீட்டாளர் ஒருவரைப் பார்க்கப் போனோம். பனிக்கரடிப் படம் திரையில் ஓடும்போதே அவர் கைப்பேசியை எடுத்துவிட்டார். அப்புறம் சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பகுதியில் உள்ள ஆலை ஒன்றில் கருவியை மூன்று மாதம் ஓட்டிப் பார்த்த மின்கட்டண பில்களை நீட்டினோம், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சரி, கரிம வரியையும், அதாவது பசுமை இல்ல வாயு வெளியீட்டுக்குச் சிங்கப்பூர் விதிக்கும் வரியையும், சேர்த்துச் சொல்லலாம்: 2019இல் டன்னுக்கு 5 வெள்ளி, 2024இல் 25, 2026இல் 45. ஆனால் ஆண்டுக்கு 25,000 டன்னோ அதற்கு மேலோ நேரடியாக வெளியிடும் ஆலைகள்தான் இதைக் கட்டுகின்றன. மற்றவர்களுக்கு இந்த வரிச்சுமை மின்கட்டணம் வழியாகத்தான் வந்து சேரும். இந்த வித்தியாசம் தெரியாமல் பேசி, அடுத்த கேள்வியிலேயே நாங்கள் மாட்டிக்கொண்டோம்.