வந்த நேரத்தை எழுதுங்கய்யா

லாரி வாடகையில் பாக்கி நின்ற பேலன்ஸ் பணம் இன்றைக்குத்தான் கணக்கில் ஏறியது. தொகையைப் பார்த்ததும் வயிறு எரிந்துவிட்டது. பேசினதை விடக் குறைச்சல். லோடு பிடித்துக் கொடுத்த சேலம் புக்கிங் ஆபீசுக்குப் போன் போட்டால், "அது லேட் டெலிவரிக்குப் பிடிச்சிருக்காங்க தம்பி" என்று அங்கே இருக்கிற அண்ணன் சாதாரணமாகச் சொல்கிறார். லேட் டெலிவரியா? யாருங்க லேட்? வெள்ளிக்கிழமை விடியற்காலை சரக்கு வாங்குகிற பார்ட்டியின் குடோன் வாசலில் போய் நின்ற வண்டியை, அடுத்த புதன்கிழமை சாயங்காலம் இறக்கிவிட்டு, சரக்கு இறக்கிய ரசீதில் புதன்கிழமை தேதியைப் போட்டு, அந்தத் தேதியைக் காட்டி என் வாடகையிலேயே கை வைக்கிறான். ஒரு வண்டி வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், எல்லோரும் பட்டதுதான். ஆனால் இந்தத் தடவை சும்மா விட மனசு வரவில்லை, முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

சேலத்தில் ஏற்றிய ஜவ்வரிசி லோடு, நாக்பூருக்கு. தொண்ணூறு கிலோ மூட்டை, பத்துச் சக்கர வண்டிக்கு இருநூறுக்கு மேல் வரும். நவராத்திரி விரதத்துக்கு அந்தப் பக்கம் ஜவ்வரிசி நன்றாகப் போகும் என்பதால் ஒரே அவசரம். "மூணு நாள்ல சேர்த்துடு தம்பி, பார்ட்டி துடிச்சுக்கிட்டு இருக்கான்" என்றார் புக்கிங் ஆபீஸ் அண்ணன். செவ்வாய்க்கிழமை ஏற்றி, தார்ப்பாய் கட்டி, தொப்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர், அப்புறம் அனந்தபூர், கர்நூல், ஹைதராபாத், அடிலாபாத் என்று 44-ஆம் நம்பர் ரோட்டிலேயே ஏறி, ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, சொன்ன நாளில் கொண்டுபோய் நிறுத்தினேன். ராத்திரியும் பகலும் நானேதான் ஓட்டினேன், இரண்டாவது டிரைவர் வைக்க இந்த வாடகையில் எங்கே கட்டும்?

வெள்ளிக்கிழமை. வாசலில் எனக்கு முன்னால் சில வண்டிகள். செக்யூரிட்டி ஒரு நோட்டில் வண்டி நம்பரை மட்டும் எழுதிக்கொண்டான். "டைம் எழுது" என்றேன், இந்தியில்தான் கேட்டேன், அவனுக்குப் புரியாமல் இல்லை. "டைம் கா காலம் நஹி ஹை" என்று நோட்டைத் திருப்பிக் காட்டுகிறான். உண்மையிலேயே அந்த நோட்டில் நேரத்துக்கு ஒரு கட்டமே இல்லை! வண்டி நம்பர், எங்கிருந்து வருகிறது, டிரைவர் கையெழுத்து, அவ்வளவுதான். சரி, ரசீதிலாவது வந்த தேதி போட்டு ஒரு சீல் வைத்துக் கொடுங்கள் என்று உள்ளே போய் குடோன் கணக்குப்பிள்ளையான முன்ஷியிடம் கேட்டால், இறக்கின பிறகுதான் சீல் வைப்பேன் என்கிறான். இந்த இடத்தில்தான் எல்லாத் திருட்டுத்தனமும் ஆரம்பிக்கிறது. வந்த நேரம் காகிதத்தில் ஏறாதவரைக்கும் நான் வரவே இல்லை என்றுதான் அர்த்தம். எத்தனை நாள் வேண்டுமானாலும் வெளியே போட்டு வைக்கலாம், கேட்க நாதி இல்லை.

சனிக்கிழமை, மூட்டை இறக்குகிற ஹமால் ஆள் குறைவு, மதியத்துக்கு மேல் இறக்கமாட்டோம் என்றார்கள். ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலை என் முறை என்று முன்ஷியே சொல்லியிருந்தான், நான் அஞ்சு மணிக்கே எழுந்து கயிற்றைத் தளர்த்தி, தார்ப்பாயை ஒரு ஓரம் மடித்து வைத்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்குப் பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனி வண்டி ஒன்று வருகிறது, அப்போதுதான் வருகிறது, கேட்டைத் திறந்து நேராக உள்ளே விடுகிறார்கள். அதற்குப் பின்னாலேயே இன்னொன்று. ஓடிப்போய்க் கேட்டால், "அவங்க கான்ட்ராக்ட் வண்டி, நின்னா ஹால்டிங் கொடுக்கணும்" என்கிறான். கேட்டீர்களா? வண்டியை இறக்காமல் நிறுத்தி வைத்ததற்குத் தருகிற காசுதான் ஹால்டிங். அவனை நிறுத்தினால் காசு கொடுக்க வேண்டும், அதனால் அவனுக்கு முதலில் இறக்குவார்களாம். என்னை நிறுத்தினால் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை, அதனால் நான் நிற்கலாமாம். மறைத்து வைத்துப் பேசக்கூட அவனுக்குத் தோன்றவில்லை, முகத்துக்கு நேராகச் சொல்கிறான்.

சேலத்துக்குப் போன் போட்டேன். "அண்ணா, எனக்குப் பின்னால வந்த வண்டியை எல்லாம் உள்ள விடறாங்க, நீங்க ஒரு வார்த்தை பேசுங்க." "பேசிட்டேன் தம்பி, நாளைக்கு முதல் வண்டி உன்னுதுதான்." "இதையேதான் சனிக்கிழமையும் சொன்னீங்க." "பார்ட்டிகிட்ட ரொம்பக் கடுமையா பேச முடியாது தம்பி, நாளைக்கு நம்ம பொழப்பு ஓடணும்ல?" நம்ம பொழப்பாம். கமிஷனை அட்வான்ஸிலேயே பிடித்துக்கொண்டவருக்கு என்ன பொழப்பு கெட்டுப்போச்சு? அதே திங்கட்கிழமை பைனான்ஸ்காரன் போன் வேறு. வண்டிக் கடன் டியூ தேதி வந்துவிட்டது என்று ஞாபகப்படுத்துகிறானாம்.

செவ்வாய்க்கிழமை மழை. மழையில் மூட்டை இறக்கமாட்டார்கள், அது நியாயம்தான், சரக்கு நனையும். ஆனால் அந்த மழையில் தார்ப்பாய்க்கு நடுவில் தண்ணீர் தேங்கிப் பள்ளம் விழுந்துவிட்டது. அதை அப்படியே விட்டால் கசிந்து மேல்வரிசை மூட்டை நனையும், நனைந்தால் அதற்கும் என்னிடம்தான் பிடிப்பார்கள். லோடு மேலே ஏறி, வழுக்குகிற தார்ப்பாயில் முட்டிபோட்டு, ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளினேன். வடிய வடிய மறுபடி தேங்குகிறது, மறுபடி ஏறுகிறேன். கீழே ஷெட்டுக்குள் டீ குடித்துக்கொண்டு முன்ஷி வேடிக்கை பார்க்கிறான். அவன் சரக்கைத்தானே நான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்?

அன்றைக்கே இன்னொரு தலைவலி. சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில் அன்று ராத்திரி பன்னிரண்டு மணியோடு முடிகிறது. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் இந்தத் தூரத்துக்கு ஏழு நாள் கொடுத்திருந்தார்கள். ஓட்டுவதற்கு அது தாராளம். ஆனால் நாளைக் கேட் வாசலில் தின்று தீர்த்தால் எந்தப் பில் தாங்கும்? நீட்டிப்பதற்கும் முடிகிற நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னாலிருந்து எட்டு மணி நேரம் பின்னால் வரைக்கும்தான் அவகாசம். அதை விட்டுவிட்டால், பில் காலாவதியான சரக்கோடு ஜிஎஸ்டி ஆபீசர் பிடித்தால், வண்டியையே நிறுத்தி வைக்கலாம், வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் போடலாம். அபராதம் சரக்குக்காரனுக்கு என்பார்கள், நின்றுபோவது என் வண்டி. சேலத்து ஆபீசில் சாயங்காலம் யாரும் போனை எடுக்கவில்லை. மெசேஜ் மேல் மெசேஜ் போட்டு, ராத்திரி பத்தரைக்கு மேல்தான் நீட்டித்துக் கொடுத்தார்கள்.

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு உள்ளே விட்டார்கள். ஆறு ஹமால்கள். மொத்த லோடையும் இறக்க மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை! மூட்டை எண்ணிக்கை சரி, நனையவில்லை, கிழியவில்லை. அதோடு விட்டார்களா? இறக்குக்கூலி பார்ட்டியுடையது என்று பேசியிருந்தும், ஹமால்களுக்கு டிரைவர் தனியாக டீ காசு தரவேண்டும் என்று ஒரு சண்டை, கொடுத்தால்தான் ரசீது என்று முன்ஷி. கொடுத்தேன். ரசீதைக் கையில் வாங்கிப் பார்த்தால் புதன்கிழமை தேதி போட்டுச் சீல் குத்தியிருக்கிறான். வந்த தேதியைச் சேர்த்து எழுது என்று கெஞ்சிப் பார்த்தேன், சத்தம் போட்டும் பார்த்தேன், "அபி நிக்லோ" என்று கேட்டைக் காட்டிவிட்டான்.

இப்போது அந்த ரசீதை வைத்து லேட் டெலிவரி! ஹால்டிங் எங்கே என்று கேட்டால், "ரசீதுல வந்த தேதி இல்லையே தம்பி." கடைசி டோலில் வியாழன் ராத்திரி பாஸ்டாக்கில் காசு பிடித்த மெசேஜ் இருக்கிறது, வெள்ளிக்கிழமை காலை கேட் போர்டோடு வண்டியை எடுத்த போட்டோ இருக்கிறது, ஒவ்வொரு நாளும் அண்ணனுக்கு நான் பேசிய கால் லிஸ்ட் இருக்கிறது. எல்லாவற்றையும் அனுப்பினேன். "அதெல்லாம் பார்ட்டி ஒத்துக்க மாட்டான்." அப்படியானால் நீ எதற்குய்யா நடுவில் கமிஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்?

வண்டி நின்றால் என்ன நஷ்டம், டீசல் செலவில்லையே என்று ஒருத்தர் என்னிடம் கேட்டார். படித்தவர். சொல்கிறேன், கேளுங்கள். அறுபதாயிரம் டியூ கட்டுகிறவனுக்கு வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளும் இரண்டாயிரம் போகிறது. 20 டன்னுக்கு மேல் 40 டன் வரைக்குமான வண்டிக்கு 2022-ல் அரசாங்கம் வைத்த தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் பிரீமியம் மட்டும் வருடத்துக்கு 43,950, நாளுக்கு 120. நேஷனல் பர்மிட் வருடத்துக்கு 16,500, நாளுக்கு 45. காலாண்டு வரி, வண்டித் தகுதிச் சான்றான எஃப்.சி., நின்ற இடத்திலேயே வெயிலில் காய்கிற டயர், என் சாப்பாடு. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த நாட்களில் நான் ஏற்றியிருக்க வேண்டிய ரிட்டர்ன் லோடு. அது வெள்ளிக்கிழமையே பேசி வைத்தது. வண்டி வராததால் சனிக்கிழமை வேறு ஒருத்தனுக்குக் கொடுத்துவிட்டார்கள், நான் கிடைத்ததை ஏற்றிக்கொண்டு வந்தேன், டீசலுக்கும் டோலுக்கும் சரியாகப் போயிற்று.

வருமான வரிக் கணக்கைப் பாருங்கள். புத்தகம் வைத்து ஆடிட் பண்ண வசதியில்லாத எங்களைப் போன்றவர்களுக்கு என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டி என்றால் வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் வந்ததாக எடுத்துக்கொள்வார்கள். 28.5 டன் வண்டிக்கு மாதம் 28,500. வண்டி எத்தனை நாள் ஓடியது, எத்தனை நாள் எவன் வாசலில் கிடந்தது என்ற கேள்வியே கிடையாது, வண்டி என் பேரில் இருந்தால் போதும். அந்த 28.5 டன்னும் 2018 ஜூலையில் அரசாங்கம் 25-லிருந்து ஏற்றிக் கொடுத்த அளவுதான். கூடுதலாக ஏற்றலாம், சம்பாதிக்கலாம் என்றார்கள். சரக்கா கூடியது? இருக்கிற சரக்குக்கு வண்டி அதிகமாகி, டன் வாடகைதான் விழுந்தது. டீசல் விலையை 2014-லேயே எண்ணெய்க் கம்பெனிகள் கையில் விட்டாயிற்று. டோல் நம்ம ஊரில் ஏப்ரலில் பாதி டோல்கேட்டில், செப்டம்பரில் மீதி டோல்கேட்டில் என்று ஏறுகிறது. பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த வண்டிக்கு யூரியா தண்ணீர் வேறு ஊற்றவேண்டும். ஏறாமல் நிற்பது வாடகை ஒன்றுதான்.

இத்தனைக்கும் நடுவில் ஒற்றை வண்டிக்காரன் பிழைக்க முடியும் என்பதை நான் மறுக்கவில்லை. பிழைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், டியூ ஒன்றுகூட நின்றதில்லை. மாதத்தில் எத்தனை லோடு இறக்குகிறோம் என்பதில்தான் மிச்சம் இருக்கிறது. டன்னுக்கு நூறு ரூபாய் கம்மியாக வந்தாலும் அன்றைக்கே இறக்கிவிடுகிற பார்ட்டிக்குத்தான் ஓட்டுவேன், பல வருடமாக அப்படி ஓட்டித்தான் நாலு காசு பார்த்தேன். ஆனால் புதுப் பார்ட்டி எப்படிப்பட்டவன் என்று ஏற்றும்போது எவன் உண்மையைச் சொல்கிறான்? அவசரம் அவசரம் என்று ஏற்றிவிட்டவனே, இறக்கும்போது எங்கள் வண்டியைக் காசில்லாத குடோனாக வைத்துக்கொள்கிறான்.

நான் கேட்பது பெரிய விஷயமே இல்லை. ரசீதில் "வந்த நேரம்" என்று ஒரு கட்டம். அதில் கேட்டில் இருப்பவனின் கையெழுத்து. இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் போனால் பேசின ஹால்டிங். அவ்வளவுதான். சங்கத்தில் இதைச் சொன்னால், "ஒத்த வண்டிக்காரன் பேச்சை எவன் கேப்பான்" என்று சங்கத்துக்காரரே சொல்கிறார். ஒற்றை வண்டிக்காரன் பேச்சைக் கேட்கத்தானே சங்கத்துக்கு சந்தா வாங்குகிறீர்கள்?

அப்புறம், இதோடு சம்பந்தமில்லாத இன்னொன்று: இந்த வெள்ளை எல்.இ.டி. லைட்டை வாங்கிக் காரில் மாட்டிக்கொண்டு ராத்திரியில் தொப்பூர் இறக்கத்தில் பின்னால் ஒட்டிக்கொண்டே வருகிறவர்களே, ஹைபீமைக் குறையுங்கள். இரண்டு பக்கக் கண்ணாடியிலும் வெளிச்சம் தவிர ஒன்றும் தெரிவதில்லை. பின்னால் பைக் வருகிறதா, பஸ் ஏறுகிறதா எதுவும் தெரியாமல், பதினெட்டு டன் லோடோடு கியரில் பிடித்து இறக்கிக்கொண்டிருக்கிறோம். அந்த இறக்கத்தில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். ஹாரன் அடித்து எங்களைத் துரத்துவதற்குப் பதில் கைப்பக்கத்தில் இருக்கிற அந்தக் குச்சியை ஒரு தட்டுத் தட்டுங்கள், டிம் ஆகும்.